சும்மா கிடந்த நூறு எம்.பி.

"நான் இருக்கிற வீட்டுல ஒரு அங்குலம்கூட சும்மா கெடக்காது!" என்று கல்யாணத்தன்றே மாமனாரிடம் மார்தட்டியவர் எங்கள் தெரு அலமாரித் தச்சர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்; பாவம், அவர் மனைவி. மாடிப்படிக்கு அடியில் இழுப்பறை, கதவுக்கு மேலே பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் மருந்துத் தட்டு. மருந்துக்கும் பின்னால் சீப்புக்கென்று ஓர் அறை இருந்தது தெரியாமல் அந்த வீட்டில் மூன்று சீப்பு வாங்கினார்கள்.

மனைவி அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர். மேசைக்கு அடியிலும் இழுப்பறை என்பதால், கணினி முன்னால் முழங்காலை ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டும். பக்கத்தில், ஜன்னலடியில் ஓரடி மிச்சமிருந்தது.

"அதையாவது விடுங்க, கால நீட்டிக்கிறேன்" என்று கேட்டுப் பார்த்தார். தச்சர் அதற்கும் பலகை அறுத்து வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிறு முற்பகல், "டிஸ்க்ல இடமில்லன்னு காட்டுது" என்று மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். தச்சர் கணினிக்குள் இறங்கினார். ஒரு மென்பொருள் டிஸ்க்கைப் படம் போட்டுக் காட்டியது: இரண்டு பெரிய பாகங்கள், ஓரத்தில் பெயரில்லாமல் நூறு எம்.பி. துண்டு. சும்மா கிடந்தது! தச்சருக்கு ரத்தம் கொதித்தது. அதை அழித்து, பக்கத்துப் பாகத்தோடு சேர்த்து, நிம்மதியாக ரீஸ்டார்ட் கொடுத்தார்.

கறுப்புத் திரை. இரண்டு வரி வெள்ளை எழுத்து. அவ்வளவுதான்.

மனைவி ஏறக்குறைய திருத்தி முடித்த நானூறு பக்கம் உள்ளே. மறுநாள் பத்து மணிக்கு அச்சகம் கேட்கும். வேறெங்கும் நகல் கிடையாது.

கணினி பழுதுபார்க்கும் மைத்துனி பென்டிரைவோடு வந்தார். அதிலிருந்தே கணினியை எழுப்பி, முதல் வேலையாக நானூறு பக்கத்தையும் நகலெடுத்தார். அப்போதுதான் அவர் அக்காவுக்கு மூச்சு வந்தது.

"அத்தான், அந்தத் துண்டு உங்களை என்ன பண்ணுச்சு?"

"சும்மாதானே கெடந்துச்சு..."

"கம்ப்யூட்டர் எந்திரிக்கறதுக்கான ஃபைலெல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஏன், அலமாரி செஞ்சா கதவு திறக்க இடம் விடமாட்டீங்களா?"

"நம்ம வீட்டுலயா கேக்குற?" என்றார் மனைவி. "ரெண்டு கதவு இன்னும் பாதிதான் திறக்குது."

மைத்துனி மறுபடியும் நூறு எம்.பி.யைத் தனியே வெட்டி, அந்த ஃபைல்களை எழுதினார். கணினி எழுந்தது. தச்சர் விழுந்து கும்பிடாத குறை.

சாயங்காலம் ஜன்னலடிப் பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"அளவு தப்பாயிடுச்சு."

முப்பது வருஷத்தில் அவர் அளவு தப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மனைவி இரண்டு கால்களையும் நன்றாக நீட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருத்த ஆரம்பித்தார்.