தவிட்டுக்கு விற்ற பிள்ளை

இதை எழுதிவிட வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, எத்தனையோ தடவை காகிதத்தை எடுத்து, மேலே முருகன் துணை என்று ஒரு வரி எழுதிவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாக வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். என் மனைவியின் காதில் இந்தப் பேச்சு மறுபடி விழக்கூடாது என்றும் இருந்தேன். போன மாசியில் அவளும் போய்விட்டாள். இனி யாருக்காக மறைக்க? பெயர் எதையும் எழுதவில்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள். எனக்குத் தண்டவாளம் பழுது பார்க்கிற கூட்டத்தில் வேலை. கல்யாணமான மறு வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாதம் காய்ச்சலில் போயிற்று. அடுத்தது பெண். நாற்பது நாள் நிறையவில்லை, இழுப்பு வந்து ஒரு காலை நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதே வருஷம் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி அரிசி, துணி, சாமி படம் எல்லாவற்றையும் நாசம் பண்ணியது. தண்ணீர் வடிந்த மாதமே தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர்க் கட்டை என் இடது காலில் விழுந்து இரண்டு விரல் போயின. அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கால் ஆறியதும் நொண்டிக்கொண்டே பத்துமலை முருகனுக்குக் காவடி எடுத்தேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், ஒரு பிள்ளை நிலைக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவர் புருஷன் ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். பிள்ளை இல்லை, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி வந்தார்கள். பதினாறாம் நாள், ரயில் பாதையோரத்து மாரியம்மன் முன்னால் குழந்தையை முறத்தில் கிடத்தினோம். அந்த அக்கா மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து என் மனைவியின் மடியில் போட்டுவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டார். இது என் பிள்ளை என்று மூன்று தரம் சொன்னார். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். எமன் எங்கள் வாசலுக்கு வந்தால் இங்கே பிள்ளை இல்லை என்று போய்விட வேண்டும் என்பதற்காக. மூன்று வயது முடிந்ததும் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வதென்று பேச்சு.

அன்றைக்கே அந்த அக்கா தன் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பதுபோல் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்; குழந்தை வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். பால் குடித்தது என் மனைவியிடம்தான். ஆனால் அவளைச் சின்னம்மா என்றும் என்னைச் சித்தப்பா என்றும்தான் கூப்பிடப் பழக்கினோம். கடைசி வீட்டு அக்காதான் அம்மா. என் மனைவி வாய் தவறிக்கூட மகளே என்று சொல்லக்கூடாது என்று அந்த அம்மன் முன்னால் அவளிடம் சத்தியம் வாங்கினேன். பிள்ளை தங்கிற்று. தத்தி நடந்தது, பேசியது, மாட்டுக்குப் புல் போட்டது.

மூன்று வயது முடிந்தது ஆடி மாதத்தில். அந்த ஆடியிலேயே அக்காவின் புருஷன், அந்த அண்ணனுக்குக் கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வாங்கியவள் ஓர் ஊரிலும் பிள்ளை ஓர் ஊரிலும் இருந்தால் விற்றது பொய்யாகிவிடும். அப்படியானால் உடனே மீட்டாக வேண்டும். ஆடியில் எப்படி மீட்பது? ஆவணி முதல் தேதி வருகிறோம், அதுவரை பிள்ளை உங்களோடு இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். மனைவிக்கு இஷ்டமில்லை. கிள்ளான் பக்கம் சதுப்பும் கொசுவுமாக இருக்குமாம் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றரை வாரம்தானே என்று வாயை அடைத்தேன்.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஸ்டேஷன் தந்தியில் சேதி வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. எங்கள் கூட்டத்தை வேலை வாங்குகிற மண்டோரிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலிலேயே இருவரும் போனோம். பிள்ளை சுருண்டு கிடந்தது. அந்த அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் மனைவி பிள்ளையை அள்ளிக்கொள்ள, நாலு பேருமாக மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பேர் பதிகிற கிராணி ஒருவர், நம்மவர்தான், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"புள்ளைக்குத் தகப்பன் யாரு?"

அந்த அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேசட்டும் என்று காத்திருந்தார். ஆடி முடிய இன்னும் ஐந்து நாள். சாவு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. என் பிள்ளை என்று சொன்னால் அந்த க்ஷணமே கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயந்தேன்.

"இவருதாங்க," என்றேன்.

"தாய்?"

"அந்தம்மா."

தாயார் ஒருத்தி மட்டும் கூட இருக்கலாம், மற்றவர்கள் சாயங்காலம் மணி அடித்த பிறகுதான் வரவேண்டும் என்றார் கிராணி. பிள்ளை என் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "சின்னம்மா, சின்னம்மா" என்று முனகியது. சின்னம்மாதானே, வெளியே இருங்க என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். அவர் மேல் என்ன குற்றம்? என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பிள்ளையின் கையைத் தன் கழுத்திலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்த அக்காவிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அரை மணி நேரம். கொசுக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே மழைமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிய நேரம் அந்த அக்கா வேகமாக வந்தார்.

"தம்பி, உள்ள வந்து உண்மையைச் சொல்லிடு. புள்ள அவளைத்தான் தேடுது. சத்தியம் போனா போவட்டும், அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும்."

"கண்டம் தாண்டட்டும் அக்கா. நாலு நாள்தானே."

"நாலு நாளா? நீ வந்து அதோட மூஞ்சியைப் பாரு."

நான் போகவில்லை. மனைவி எழுந்து நின்றாள்; நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவளும் உட்கார்ந்தாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தாள்.

உச்சி வேளைக்கு முன்னால் முடிந்துவிட்டது. பிள்ளையைத் துணியில் சுற்றி அந்த அக்காவின் கையில்தான் கொடுத்தார்கள், புத்தகத்தில் அவர்தானே தாய். அழக்கூட என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அழலாமா என்று கேட்கிற பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிள்ளானிலேயே புதைத்தோம். அந்த அண்ணன் விலகி நின்று, "நீ போடு தம்பி" என்றார். முதல் பிடி மண்ணைப் போடும்போதுதான் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் மகளே என்று சொன்னேன். யாருக்குப் பிரயோஜனம்?

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் மனைவி அதைப் பற்றி ஒரே ஒரு தரம் பேசினாள், பல வருஷம் கழித்து, அரிசி களைந்துகொண்டே. "ஒரு வார்த்தைதானே. சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

ஊர் மட்டும் பேசிற்று. பிள்ளை இல்லாதவள் கண் பட்டது என்றார்கள். கெட்ட பாலைக் கொடுத்தாள் என்றார்கள். திருப்பித் தர மனசில்லாமல்தான் கிள்ளானுக்குக் கொண்டுபோனாள் என்றுகூடச் சொன்னார்கள். மறு வருஷம் எங்கள் அம்மன் திருவிழாவுக்கு அந்த அக்கா வந்தார். பெண்கள் தங்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பூசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தனியாக நின்றார். அத்தனையும் பார்த்துக்கொண்டு நான் திருநீறு பூசிய நெற்றியோடு சும்மா நின்றேன். அவர் பிறகு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரவேயில்லை. இப்போது இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது.

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். முருகனிடம் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட பிள்ளையை அவன் கொடுத்தான்; இல்லை என்று சொன்னது என் வாய்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தச் சங்கதியை வேறு யாரிடமாவது சொல்வதானால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்த அக்கா கேட்டுக்கு ஓடி வந்து சொன்னதை விட்டுவிடாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு, பாவம் அவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.