பால்துரை முடிக்காமல் விட்ட மெஷின்

உப்பு ஏற்றுகிற லாரியில் பெயிண்ட் ஆறு மாசம் நிற்காது. ஏழாம் மாசம் கதவோரம் கொப்புளிக்கும். எட்டாம் மாசம் அடையடையாக உரியும். காசிலிங்கம் அடித்த லாரி மட்டும் ரெண்டு வருசம் தாங்கும். அதனால்தான் தூத்துக்குடியில் எட்டயபுரம் ரோட்டோரம் இருந்த அவருடைய கொட்டகை முன்னால் எப்போது பார்த்தாலும் மூன்று நாலு லாரி வரிசையில் நிற்கும்.

கைராசி என்று டிரைவர்மார் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்காது.

“ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. அழுக்கு இருந்தாப் பெயிண்டு பிடிக்காது. நான் அழுக்கெடுக்கேன், மத்தவன் எடுக்க மாட்டேங்கான். அம்புட்டுதான்.”

பெரிய தகடு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைப்பார். விளக்கு வளையம், கண்ணாடித் தண்டு மாதிரிச் சின்னச் சாமான் என்றால் கழற்றித் தின்னர்ச் சட்டியில் கால்மணி நேரம் ஊறப்போடுவார். மூலைமுடுக்கில் இருக்கிற எண்ணெயெல்லாம் கழன்று வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறப்பார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து பன்னிரண்டு வயசில் வந்து கற்றுக்கொண்ட தொழில். முப்பது வருசத்துக்கு மேலாக இந்த முறையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

அவருக்கும் இசக்கியம்மாளுக்கும் ஒரே பிள்ளை, பால்துரை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினான். புதுத் துறைமுகம் திறந்ததும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை கிடைத்தது. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குக் கப்பல் ஏறி இறங்குகிற வேலை.

எழுபத்தாறாம் வருசம் ஆடி மாசத்தில் ஒரு சாயங்காலம் அவன் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உரம் இறக்க வந்த கப்பலில் ஒரு இஞ்சினியருக்குப் பல்வலி. இவன் ஊருக்குள் கூட்டிவந்து பல்லைப் பிடுங்கவைத்துக் கப்பலில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அந்த வெள்ளைக்காரன் சந்தோசப்பட்டுக் கொடுத்ததாம். பெட்டிமேல் இருந்த படத்தில், கோதுமை வயலில் ஒரு சிவப்பு ராட்சச வண்டி நின்றது.

“என்னதுலே இது?”

“கதிர் அறுக்குற மெஷின்ப்பா. இதே அறுத்து, இதே அடிச்சு, இதே தூத்தி, மணியத் தனியாக் கொட்டிரும். நம்ம பக்கம் இன்னும் வரல.”

“இம்புட்டுப் பெட்டிக்குள்ளயா இருக்கு?”

“அசல் மாதிரியே பொம்மைப்பா. துண்டு துண்டா இருக்கும். நாமதான் ஒட்டிச் சேக்கணும்.”

உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். கிளையில் புளியங்காய் தொங்குகிற மாதிரி ஒவ்வொரு சட்டத்திலும் பொடிப்பொடியான உறுப்புகள். நூற்று நாற்பத்தெட்டு துண்டு. அதோடு ஒரு டியூப் பசை, எதை எங்கே ஒட்டுவதென்று படம் போட்ட ஒரு தாள்.

ஆபீஸ் விட்டு வந்ததும் பால்துரை அதோடு உட்கார்ந்துவிடுவான். பிளேடால் ஒரு துண்டை வெட்டி எடுப்பான், ஓரத்தை உப்புத்தாளில் உரசுவான், பசை தடவி ஒட்டுவான். பசை இறுகும்வரை பிடித்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். அது இசக்கியம்மாளின் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நூறுவரை எண்ணுவாள். மகனுக்கும் தாய்க்கும் அதில் ஒரே சிரிப்பு. காசிலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாணம் முடிக்க வேண்டிய பய பொம்மை வச்சு விளையாடுதான்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் பால்துரை கேட்டான். “யப்பா, ஒட்டி முடிச்சதும் பெயிண்டு நீங்கதான் அடிச்சித் தரணும். லாரி மாதிரிப் பளபளன்னு இருக்கணும்.”

“ஏலே, லாரிக்கு அடிக்கவன் சாண் நீளப் பொம்மைக்கு அடிக்கணுமோ? ஊரு சிரிக்கும். போலே அங்கிட்டு.”

“நீங்க அடிக்காட்டா அது மொட்டையாத்தான் நிக்கும், பாத்துக்கிடுங்க” என்று அவன் சிரித்தான்.

ஐப்பசியில் அவனுக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியம் இருந்தான். கண்ணில் மஞ்சள் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நினைவு தப்பியிருந்தது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் போய்விட்டான். இருபத்துமூன்று வயசு.

இசக்கியம்மாள் அந்த அரைகுறை மெஷினை எடுத்து அவன் போட்டோவுக்குக் கீழே வைத்தாள். தினமும் விளக்கேற்றினாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மெஷினின் பக்கவாட்டில் ஒரு இடத்தில் பசை பிதுங்கியிருந்தது. ஈரமாக இருக்கும்போது பால்துரை பெருவிரலை வைத்து அமுக்கியிருக்கிறான். ரேகை வரிவரியாக அப்படியே பதிந்து கிடந்தது. குளித்துவிட்டு வந்து அவள் தன் பெருவிரலை அதன்மேல் வைப்பாள். கொஞ்சநேரம் அப்படியே நிற்பாள். பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

புருசனோடு அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பேச்சு இல்லை. ஒரே ஒருதடவை, “அவன் ஒங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்” என்றாள். அதோடு சரி.

அந்த ஒரு சொல் காசிலிங்கத்துக்குள் முள்ளாக நின்றது. லாரியில் பெயிண்ட் அடிக்கும்போதும் நின்றது, சோறு தின்னும்போதும் நின்றது. சித்திரை மாசம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மிச்சத்தை ஒட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, வருசத் திதிக்கு முன்னால் அதை மகன் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட வேண்டும்.

பால்துரையோடு வேலை பார்த்த கிளாட்வினைப் போய்ப் பார்த்தார். அவன் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நேராக இவர் வீட்டுக்கு வந்துவிடுவான். தாளைப் பார்த்து அவன் நம்பர் சொல்ல, காசிலிங்கம் வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். நாற்பத்தொரு துண்டு பாக்கி. பழைய பசை காய்ந்துபோயிருந்தது. கிளாட்வின் வேறொரு கப்பலில் கேட்டு ஒரு டியூப் கொண்டுவந்தான்.

காசிலிங்கம் அதை மோந்து பார்த்தார். “ஏலே, இது நம்ம தின்னர் வாடையால்லா அடிக்கி.”

“பின்ன, அத்தரு வாடையா அடிக்கும் மாமா?”

அதற்குமேல் ரெண்டு பேரும் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கித்தான் அந்தப் பசை ஒட்டுகிறது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆளுயர எழுத்தை ஒரே இழுப்பில் எழுதுகிற கை, கடுகத்தனை துண்டைப் பிடிக்கத் தடுமாறியது. முள்வாங்கியால் எடுத்தால் தெறித்து ஓடியது. தரையெல்லாம் தவழ்ந்து தேடினார்கள்.

“மாமா, லாரி டயரைத் தொலைச்சாக்கூட இப்பிடித் தேட மாட்டிய” என்றான் கிளாட்வின்.

“வாயப் பேசாத. வெளக்க இங்கிட்டுக் காட்டு.”

கதிரை வளைத்துத் தள்ளுகிற உருளையை மாட்டிய அன்றைக்கு, உள்ளேயிருந்து இசக்கியம்மாள் தானாக வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

“இங்க தாங்க. நான் பிடிக்கேன்.”

நூறுவரை எண்ணினாள். காசிலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் பசை மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூடி இறுகி ரொம்ப நேரமாகியிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் எல்லாம் முடிந்தது. பெயிண்ட் மட்டும் பாக்கி. மெஷினைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் அவள் தயங்கினாள்.

“அந்த ரேகை இருக்க இடத்துல பட்டி கிட்டி வச்சு நிரவிராதிய.”

“ஏளா, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? மெல்லிசா ஒரு கோட்டு பெயிண்டுதான். ஒவ்வொரு வரியும் எடுப்பாத் தெரியும். நான் அடிக்கது ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள். மகனுடைய துண்டில் சுற்றித் தந்தாள்.

கொட்டகையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு வருச விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. புகைக்கரி, சந்தனம், குங்குமம். துணியால் துடைத்தார். ரேகை வரிகளுக்குள் எண்ணெய் அப்பிக் கிடந்தது. அது இருந்தால் பெயிண்ட் முதலில் அங்கேதான் உரியும். ஊருக்கெல்லாம் ரெண்டு வருசம் தாங்குகிற பெயிண்ட், பிள்ளை விரல் பட்ட இடத்தில் ரெண்டு மாசத்தில் உரியவா? அழுத்தித் தேய்த்தால் வரி அழிந்துவிடும். தேய்க்காமல் அழுக்கெடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

சட்டியில் இருந்த பழைய தின்னரைக் கொட்டினார். புது டின்னை உடைத்து ஊற்றினார். மெஷினை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே இறக்கினார்.

பக்கத்தில் லாரிக்குப் பலகை அடிக்கிற தச்சர் மாடக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். “அண்ணாச்சி, சிவப்பு எந்தச் சிவப்பு?” என்று கேட்டார். ரெண்டு பேரும் கலர் கலக்கினார்கள். பெட்டியில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு சொட்டு மஞ்சள், இன்னொரு சொட்டு என்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். சரியாக வந்தது. கால்மணி நேரமும் ஆயிற்று.

காசிலிங்கம் சட்டிக்குள் கையை விட்டுத் தூக்கினார். மெஷின் வரவில்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டது. உருளை விரலோடு ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. டிரைவர் ஏறுகிற பொடி ஏணியைக் காணோம். கூரை உள்ளே அமுங்கியிருந்தது. பதறிப்போய்த் தின்னரைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். சாய்ந்துபோன பக்கத்தை நிமிர்த்தப் பார்த்தார். அந்த ரேகை இருந்த இடத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். தொட்ட இடமெல்லாம் அவருடைய கைரேகைதான் விழுந்தது.

“அண்ணாச்சி, கைய எடுங்க” என்றார் மாடக்கண்ணு. “எடுங்கன்னா கேளுங்க. இனிமே தொடாதிய.”

மகனுடைய துண்டால் மூடி, சட்டியோடுதான் வீட்டுக்குக் கொண்டுபோனார். நடந்ததை மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. இசக்கியம்மாள் துண்டை விலக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அதில் பாதி புதைந்து ஒரு சக்கரம்.

“அது எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

அவரால் காட்ட முடியவில்லை. “அழுக்குப் போகட்டும்னு ஊறப்போட்டேம்ளா” என்று மட்டும் சொன்னார்.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. துண்டை இழுத்து மூடினாள்.

திதி அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். படையல் முடிந்து இலை போட்டார்கள். காசிலிங்கம் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றார். கிளாட்வின் போட்டோவுக்குக் கீழே பார்த்துவிட்டு, “மெஷின் எங்க மாமா? பெயிண்டு காயலையோ?” என்று சத்தமாகக் கேட்டான்.

காசிலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் அடுப்படி வாசலிலிருந்து இசக்கியம்மாள் குரல் வந்தது.

“நாந்தான் தம்பி. பெயிண்டு காய வெயில்ல வைக்கணும்னு தூக்கிட்டுப் போனேன். கை தவறிக் கல்லுல போட்டுட்டேன். பொடிப்பொடியாப் போச்சு.”

அவளுடைய அக்கா சண்முகத்தாய்தான் முதலில் ஆரம்பித்தாள். “ஏளா, அறிவிருக்கா ஒனக்கு? பிள்ள கைப்பட்ட சாமான்னு அது ஒண்ணுதான கெடந்தது. ரெண்டு கையாப் பிடிக்கத் தெரியாது? நீயெல்லாம் ஒரு தாயா?” கூட நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். இசக்கியம்மாள் தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒருதடவை நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்து சாம்பாரை ஊற்றினார்.

எல்லாரும் போன பிறகு அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் போய் நின்றார்.

“ஏம்ளா அப்பிடிச் சொன்ன?”

“வேற என்ன சொல்லச் சொல்லுதிய? பெத்த அப்பனே கரைச்சிட்டாருன்னு சொல்லவா? என்னை ஏசுனா ஒரு நாளோட போவும். ஒங்கள ஏசுனா நீங்க கொட்டகைக்கே போவ மாட்டிய.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அதுக்காவ என் மனசு ஆறிட்டுன்னு நெனச்சிராதிய” என்றாள். திரும்பிப் பார்க்காமல் பெரிய அண்டாவை இழுத்தாள்.

அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு குத்துப்போணியை எடுத்தார். சாம்பலைத் தொட்டார்.

“வைங்க அத” என்றாள்.

வைத்துவிட்டார்.