பதிவேட்டில் இல்லாத ஏழு பேர்

நாளிதழ் வேலையை விட்ட பிறகு சில ஆண்டுகள் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். செம்பூரில் ஓர் ஆய்வு நிறுவனம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் பட்டறைகளைச் சோதித்து அறிக்கை அனுப்புவது அதன் தொழில். தமிழர் நடத்தும் பட்டறை என்றால் மாட்டுங்காவில் இருக்கும் எனக்குப் போன் வரும். தாராவிக்கு நடந்தே போய்விடுவேன்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கைப்பைக் கம்பெனி பல நாடுகளில் விற்கிறது. ஒரு நாட்டின் சட்டம், தோலில் இன்ன ரசாயனம் இருக்கக் கூடாது என்கிறது. இன்னொரு நாட்டில், பையைத் தைத்தது யார், எந்தக் கூரையின் கீழே என்று கேட்டால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது நாட்டில், பொய் சொன்ன பட்டறையிடம் தெரிந்தே வாங்கினால் கம்பெனி இயக்குநர்கள் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். நாட்டுக்கு ஒரு விதியாக வைத்துக்கொண்டு சமாளிக்க யாராலும் முடியாது. எனவே எங்கே எது கடுமையோ அதை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, உலகம் முழுக்க உள்ள பட்டறைகளுக்கு அதையே கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை முடக்கினால் அந்தப் பட்டறையின் பையை எந்த நாட்டுக் கிடங்கும் வாங்காது.

அந்த ஆடி மாதப் புதன்கிழமை நாங்கள் போன பட்டறைக்கு அந்த ஒரு கம்பெனிதான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. எண் போனால் பட்டறை போகும். உரிமையாளருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

உரிமையாளர் தென்காசிப் பக்கத்து முஸ்லிம். எல்லாருக்கும் பாய். என்னுடன் வந்த ஆய்வாளர் முப்பத்தைந்து வயது மராத்திப் பெண். நான்கு நாளாக விடாத மழை. பாய் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், பைட்டியே," என்று நாற்காலியைக் காட்டினார். "சார், சாயா சொல்லட்டுமா?"

"கூடாது பாய். தண்ணி மட்டும்."

"தண்ணி சட்டத்துல உண்டும்லா? ரொம்பச் சந்தோசம்."

சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

பதிவேட்டில் பதினெட்டுப் பேர். உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லார் கழுத்திலும் அட்டை. சில அட்டைகள் படம் தெரியாமல் நெஞ்சுப் பக்கம் திரும்பியிருந்தன. மூன்று தையல் மெஷின்கள் மற்றவற்றைப் போல் பச்சையாக இல்லாமல் கறுப்பாக இருந்தன. ஒன்றின் காலில் கட்டிய பிளாஸ்டிக் காகிதம் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. இதையெல்லாம் பார்த்தேன். பார்ப்பது பழைய தொழிலின் பழக்கம். சொல்வது என் வேலையல்ல; கேட்டதை மொழிபெயர்ப்பதுதான் வேலை.

தொழிலாளிகளைத் தனியாக அழைத்து, அவரவர் தாய்மொழியில் பேச வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அங்கிருந்த எல்லாரும் இந்தி சரளமாகப் பேசுவார்கள். ஆய்வாளருக்கும் இந்தி தெரியும். ஆனாலும் அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்க, பதிலை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தோல் அடுக்கிவைத்திருந்த மேல்பரணில் உட்கார்ந்தோம். ஆய்வாளர் பதிவேட்டில் விரல் வைத்த ஐந்து பேர் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வந்தார்கள்.

முதல் இருவரிடம் ஒன்றும் பிசகில்லை. மூன்றாமவருக்கு ஐம்பதுக்குக் குறையாது. காதோரம் முழுக்க நரை.

"உங்க வயசு என்ன?"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கார்டுல உள்ள வயசா, என் வயசா?"

கிண்டலே இல்லை. எதைச் சொன்னால் பாய்க்கு நல்லது என்று உண்மையாகவே கேட்டார். ஏணியில் காத்திருந்த அடுத்த ஆள் தலையை நீட்டினார். "என்னவே நீரு! கார்டப் பாத்துச் சொல்லும்வே!"

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "என்ன சொல்கிறார்கள்?"

கீழே எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் சொன்னதைப் போடாமல் விடலாம், மாற்றிப் போடக் கூடாது என்று நாளிதழில் பழகியவன் நான். இங்கே விடவும் உரிமை இல்லை. இரண்டு பேச்சையும் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆய்வாளர் அந்த அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்தார். படத்தில் இருந்தவனுக்கு இருபத்தொன்பது வயது. ஆய்வாளர் கோபப்படவில்லை. எல்லாருடைய அட்டையையும் கழற்றி மேலே அனுப்பச் சொன்னார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் மழைச் சத்தம் கேட்டது.

பாய் ஏறி வந்தார். ஆய்வாளரிடம் எதுவும் சொல்லாமல் என்னிடம் தமிழில் சொன்னார்: "நீங்க நம்ம ஆளுன்னுல்லா நெனச்சேன்."

அதையும் மொழிபெயர்த்தேன். ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

விஷயம் பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. எதிர்ப் பட்டறை திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருடையது. திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதன் தகரக் கூரையில் பாதியைக் காற்று பெயர்த்துக்கொண்டு போனது. அண்ணாச்சியின் ஆட்கள் ஏழு பேரும் தங்கள் மூன்று மெஷின்களையும் தூக்கிக்கொண்டு பாய் பட்டறைக்குள் வந்துவிட்டார்கள். அந்தச் சந்தில் இது வழக்கம். யார் கூரை ஒழுகினாலும் எதிரே இருப்பவர் இடம் கொடுப்பார். கேட்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. வந்தவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். கம்பெனிப் பையை யாரும் தொடவில்லை.

தற்செயலாக, பாயின் சொந்த ஆட்களில் ஏழு பேர் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். ஆய்வு என்று செவ்வாய்க்கிழமை தகவல் வந்ததும் பாய் ஊருக்குப் போனவர்களின் அட்டைகளை எடுத்து வந்தவர்களின் கழுத்தில் மாட்டிவிட்டார். வருகைக் கட்டத்திலும் கையெழுத்துப் போட வைத்தார்.

"லீவுன்னு எழுதியிருக்கலாமே பாய்? லீவு தப்பில்லையே," என்று ஆய்வாளர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"பதினெட்டுப் பேருன்னு எழுதிக் குடுத்தாச்சு. பதினொண்ணு நின்னா மிச்சம் எங்கன்னு கேப்பாவ. ஏழு பேரு கூட நின்னா இவனுவ யாருன்னு கேப்பாவ. இப்பம் பதினெட்டுக்குப் பதினெட்டு. சரியாத்தான இருக்கு?"

ஆள் ஊருக்குப் போனது குற்றமில்லை. மழைக்கு இடம் கொடுத்ததும் குற்றமில்லை. குற்றமில்லாத இரண்டைச் சேர்த்து அவர் ஒரு பொய்யைச் செய்திருந்தார்.

அண்ணாச்சி நனைந்துகொண்டே ஓடி வந்து ஏணியடியில் நின்று, பாய் மேல் தப்பில்லை, தகரம் பறந்துவிட்டது என்று இந்தியில் கத்தினார். "மேடம், பாய் கா கல்தி நஹி! பத்ரா உட் கயா!" பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஏல, எவம்ல வயசக் கேட்டு முழிச்சவன்? நீ ஊருக்கு வா, ஒனக்கு இருக்கு."

ஆய்வாளர் மடிக்கணினியைத் திறந்தார். மதியம் ஒன்று பத்து. திரையில் வந்தது, எண்ணை உடனே முடக்கும்படி பரிந்துரைக்கும் பக்கம். முன்பு இரண்டு முறை பார்த்திருந்ததால் அதன் சிவப்புப் பட்டை எனக்கு அடையாளம் தெரியும்.

அப்போது நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். மொழிபெயர்ப்பாளன் ஆலோசனை சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கம்பெனியின் படிவங்களைத் தமிழாக்கியவன் நான். அதில் ஒன்று, அவசரத்தில் வெளியாட்களுக்கு இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய படிவம். அது கீழே மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. கூரை போன நேரத்திலிருந்து இரண்டு நாள் என்பது அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் முடியும்.

"பாய், அந்தச் சுவத்துல இருக்கிற ஃபாரத்தை மூணு மணிக்குள்ள எழுதி அனுப்புங்க. கார்டு மாத்தினதையும் அதுலயே நீங்களே சொல்லிடுங்க. பிடிபட்டதுன்னு வர்றதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டதுன்னு போகட்டும்."

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்றார் ஆய்வாளர்.

என் பேச்சை நானே மொழிபெயர்த்தேன்.

"இது உங்கள் வேலை இல்லை."

"தெரியும்."

"அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்கள்."

அவர் கணினியை மூடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார். "மூன்றுக்கு முன் வந்தால் இணைத்து அனுப்புவேன். வேறு எதற்கும் உறுதி சொல்ல மாட்டேன்."

பாய் படிவத்தைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்துவந்தார். 'எதிர்பாராச் சூழலில் பிற பணியாளர்க்குப் பணியிடம் நல்குதல் குறித்த அறிவிப்பு.' தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்து, பாதியில் நிறுத்தினார்.

"நான் படிச்சது இந்தி மீடியம் சார். மழைக்கு ஒதுங்க ஆளு வந்திருக்குன்னு எழுதுனா என்ன? இதை எழுதுனது எவன்?"

"நான்தான்."

"நல்லா எழுதுனீங்க, போங்க."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. செய்த பொய்யை எழுதிக் கொடுப்பது அவருக்குத் தானே கழுத்தை நீட்டுவதாகப் பட்டது. பேனாவைத் திறந்தார், மூடினார். ஒன்றே முக்கால் ஆனது. இரண்டு பத்து ஆனது. அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"எழுதும்வே பாய். எங்களுக்கு எடம் குடுத்து ஒம்ம பொழப்பு போச்சுன்னா நான் இந்தச் சந்துல எப்படி மொகத்தக் காட்ட? எழுதப் போறீரா, நான் கையப் புடிச்சு எழுதட்டா?"

"நீரு மூணாங்கிளாஸ்வே. நீரு கையப் புடிச்சா இன்னும் நாலு தப்பு கூட வரும்."

ஏணியில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் இந்தியில் எழுதினார். ஏழு பேரின் அட்டையை ஏழு பேருக்கு நான்தான் மாட்டினேன், அவர்கள் கேட்கவில்லை என்பது கடைசி வரி. படம் எடுத்து அனுப்பும்போது மழையில் நெட் விட்டு விட்டு வந்தது. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பாய் சந்து முனை வரை ஓடினார். இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை அந்த ஏழு பேரும் அங்கேயே இருக்கலாம். படிவம் அதற்கு இடம் கொடுத்தது. அறிக்கை நான்கு நாட்டு அலுவலகங்களுக்குப் போனது. ஒன்று, யாருக்கும் காயமில்லை என்பதோடு கோப்பை மூடியது. இரண்டாவது, பை வெளியே தைக்கப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒத்துக்கொண்டது. மூன்றாவது, வந்தவர்களின் வயதுச் சான்றுகளைக் கேட்டு வாங்கியது. நான்காவதுதான் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நாடு வேண்டாம் என்றால் எல்லா நாட்டுக்கும் வேண்டாம். பாய் தினமும் காலையில் எனக்குப் போன் செய்தார். "இன்னும் ஒரு தேசம் பாக்கி, அப்படித்தான சார்?" என்பார். ஆமாம் என்பேன். ஸலாம் சொல்லி வைத்துவிடுவார்.

பத்தாம் நாள் ஆய்வாளர் என்னை அழைத்தார். என்னை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும், முடிவு வந்திருக்கும் கடிதத்தைப் பாய்க்கு வாசித்துச் சொல்வது கடைசி வேலை என்றும் சொன்னார்.

பாய் பட்டறையில், அண்ணாச்சியும் உடனிருக்க, வாசித்தேன். எண் முடக்கப்படவில்லை. ஆனால் நான்காவது அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கையெழுத்திட்ட நேரத்திலிருந்து, பதிவேட்டில் இல்லாத எவரும் அந்தக் கூரையின் கீழ் வேலை செய்யக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும். எதிர்ப் பட்டறை விரும்பினால் தனி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இரண்டு வாசல் வேண்டும்.

"ரெண்டாவது வாசலா?" என்றார் அண்ணாச்சி. "வச்சா பக்கத்து வீட்டு அடுப்படியிலதான் தொறக்கும். அந்த அம்மா கரண்டிய எடுத்துக்கிட்டு வந்துரும்."

அண்ணாச்சி பட்டறையின் கூரை அப்போதும் சரியாகவில்லை. அந்த மழையில் ஏற ஆள் கிடைக்கவில்லை. நீல நிறத் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள், அது நடுவில் தொப்பை போட்டு நீரைத் தேக்கியிருந்தது.

பாய் கடிதத்தை என்னிடம் திருப்பி நீட்டினார். "மழ நிக்கிற வரைக்கும்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருக்கா, பாருங்க."

மறுபடி முழுவதும் வாசித்தேன். இல்லை. இல்லை என்றேன்.

அவர் அண்ணாச்சியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அவர் தோளில் தட்டினார். "மூஞ்சத் தொங்கப் போடாதீரும். எதுத்தாப்புலதான இருக்கோம். ஒம்மப் பாத்துப் பேசலாம்லா, இல்ல அதுக்கும் ஃபாரம் உண்டுமா?"

பாய் பேனாவை மூடினார். ஏழு பேரும் மூன்று மெஷின்களின் தலைகளையும் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மற்றச் சாமான்களோடு தோளில் வைத்துக்கொண்டார்கள். வயதைக் கேட்டு முழித்த அந்த மனிதர் என்னைக் கடந்தபோது தலையசைத்தார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. பாயின் ஆட்கள் வேலையை நிறுத்தி எழுந்து நின்றார்கள்; உதவிக்கு ஒருவன் அடியெடுத்து வைத்ததும் பாய் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சந்தின் அகலம் ஐந்தடிதான். அதைக் கடப்பதற்குள் எல்லாரும் நனைந்துவிட்டார்கள்.

கடிதத்தின் அடியில், வெளியாட்கள் வெளியேறிய நேரம் என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். நான்கு இருபத்தைந்து என்று எழுதினேன்.