நோ கேரியர்

எங்கே போன் மணி அடித்தாலும் அண்ணியின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும், பக்கத்து வீட்டு மணியாக இருந்தாலும் சரி. பதினொரு வருடம் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வந்த அழைப்பையெல்லாம் வேண்டிய அறைக்கு மாற்றிவிட்டவர். "இருங்க, கனெக்ட் பண்றேன்" என்பது அவர் வாயில் ஊறிப்போன வாக்கியம். ஒரு முறை பல் பிடுங்கிக்கொண்டு வந்து அரை மயக்கத்தில் படுத்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலேயே எனக்கும் அதைத்தான் சொன்னார்.

பிறகு மருத்துவமனையில் அந்த மேசையை எடுத்துவிட்டு, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும் இயந்திரத்தை வைத்தார்கள். அதற்கப்புறம் அண்ணி வீட்டில் இருந்த ஒன்றரை வருடத்தை நான் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் குரல் குறைந்தது. பாத்திரம் வைக்கும் சத்தம் கூடியது. இரண்டு இடங்களில் வயதைக் கேட்டதோடு சரி, திரும்பக் கூப்பிடவில்லை. மூன்றாவதாக ஒரு நிறுவனம் கடைசித் தேர்வுக்கு வரச் சொன்னது. டாக்டர்களுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசும் வேலை. வியாழக்கிழமை காலை சரியாகப் பதினொரு மணி. இணையம் வயர் வழியாகத்தான் வர வேண்டும், போனிலிருந்து எடுத்தால் செல்லாது, பிந்தினால் மறு வாய்ப்பு கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

எங்களிடம் இருந்தது அண்ணன் வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர். வேறு எதுவும் அதில் ஓடாது என்று லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். அதன் பொம்மை பென்குயின் என்பதால் அண்ணி அதை "உங்கண்ணனோட பறவை" என்பார்.

புதன்கிழமை சாயங்காலம், கேமராவில் பின்னால் வெறும் சுவர் தெரிய வேண்டும் என்று கூடத்தில் மேசையை இடம் மாற்றினோம். என் அறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து வரும் நீல வயர், வெள்ளைச் சுவரில் பாம்பு மாதிரி தெரிந்தது.

"இதை ஏதாவது பண்ணேன்" என்றார் அண்ணி.

நான் பண்ணினேன். சோபா உறையின் ஓரத்தில் கயிறு வைத்து பைப்பிங் தைப்பதுபோல, வயரைக் கழற்றி, அதன்மேல் வெள்ளைத் துணியை மடித்து ஒட்டித் தைத்தேன். பாதியில் ஊசி டிக்கென்று உடைந்தது. உடைந்த முனையைக் கண்டெடுக்காமல் நான் மேலே தைப்பதில்லை; துணியில் தங்கினால் யார் உடம்பிலாவது ஏறும். அன்றும் தேடினேன். கிடைக்கவில்லை. தரையில் விழுந்திருக்கும் என்று வேறு ஊசி போட்டு முடித்து, வயரைத் திரும்பச் செருகினேன்.

அண்ணி பார்த்துவிட்டு, "அடிப்பாவி, வயருக்கே சட்டை தைச்சுட்டியா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. அந்தச் சிரிப்பில் ஊசிமுனை எனக்கு மறந்துபோனது.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அண்ணி கம்ப்யூட்டரைப் போட்டார். இணையம் வரவில்லை. அணைத்துப் போட்டார். வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணனுக்கு அது டீ நேரம்.

"ஏங்க, நெட் செத்துப்போச்சு."

"பதறாத. ரவுட்டர்ல லைட் எரியுதா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று பச்சை விளக்குகள். எப்போதும் நான்கு இருக்குமே என்று மனதில் பட்டது. ஆனால் அண்ணன் கேட்டது எரிகிறதா என்றுதான்.

"எரியுது" என்றேன்.

"அப்ப வயர் நல்லாத்தான் இருக்கு. செட்டிங்ல கோளாறு. நான் சொல்றதைப் போடு. ஏய் தங்கச்சி, என்னென்ன மாத்துறோம்னு எழுதிக்கோ."

அளவு எழுதும் நோட்டில் எழுதினேன். ஆட்டோமேட்டிக் என்று இருந்ததை மாற்றிக் கையால் எண்கள் போட்டார்கள். அது ஒன்று. அதன்கீழே வேறு எண்கள். அது இரண்டு. பத்தரை ஆயிற்று. கடைசியில் அண்ணன் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடிக்கச் சொன்னார். பதிலாக எழுத்துகள் கொட்டின.

"என்ன போட்டிருக்கு? படி."

"நோ கேரியர்" என்றார் அண்ணி.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "டிரைவர் போயிருக்குமோ?"

"கேரியர் இல்ல, டிரைவர் இல்ல. நீங்க வாங்கிட்டு வந்தது கம்ப்யூட்டரா, லாரியா?"

"அட இருடி, பாக்குறேன்..." என்றபோது பின்னால் சங்கு ஊதியது. "மேல ஏறணும்மா. கூப்பிட்டுட்டாங்க. அந்த டிரைவரை மட்டும்..." போன் நின்றது.

அண்ணி காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அதுவே சொல்லிடுச்சு பாத்தியா? உனக்கெல்லாம் இனிமே கேரியர் இல்ல, போய்ச் சேருன்னு."

எட்டாவதோடு நின்றவள் நான். அண்ணி சொன்ன கேரியர் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சைக்கிள் கேரியர்தான். தைத்த உறைகளை மூட்டை கட்டி அதில் வைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோகிறேன். அது சுமக்கிற சாமான். சுமக்கிறது இல்லை என்கிறது திரை. இந்த வீட்டில் இணையத்தைச் சுமந்து வருவது எது?

கூடத்தின் ஓரமாக நான் தைத்த வெள்ளைச் சட்டையோடு அது படுத்திருந்தது.

மூன்று விளக்கு. டிக்கென்ற சத்தம். கிடைக்காத முனை.

மணி பத்து நாற்பத்திரண்டு. சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பு இனி என் பக்கம் வராது. சொல்லாவிட்டால் இன்னும் பதினெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. அண்ணி தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்.

"அண்ணி."

"என்ன?"

"ஊசி உடைஞ்சுது. நேத்து. முனை வயருக்குள்ள இருக்கு. நான்தான்."

அண்ணி என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற வயர் இருக்கா?" என்றார். மருத்துவமனைக் குரல்.

இருந்தது. ரவுட்டர் பெட்டியோடு வந்த சின்ன வயர், இரண்டு முழம்கூட வராது. கூடத்துக்கு எட்டாது.

"வயர் வராதுன்னா நாம போவோம். தூக்கு."

கம்ப்யூட்டரை நான் தூக்கினேன், திரையை அவர் தூக்கினார். தையல் மெஷின் மேசையில் கிடந்த உறைகளை ஒரே தள்ளாகத் தள்ளினேன். சின்ன வயரைச் செருகியதும் ரவுட்டரில் நான்காவது விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் எழுந்து கண் விழிக்க நான்கு நிமிடம் எடுத்தது. பத்து ஐம்பத்து நான்கு. இணையம் இன்னும் வரவில்லை.

"போச்சு" என்றார் அண்ணி.

"அண்ணன் மாத்தச் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு அண்ணி. பிரிக்கணும்."

தவறான தையலைக் கடைசியில் போட்டதிலிருந்துதான் பிரிப்பேன். நோட்டைத் திறந்து பின்னாலிருந்து படித்தேன். இரண்டாவது எண்களை அழித்தார். முதல் எண்களை அழித்தார். மறுபடி ஆட்டோமேட்டிக். இணைப்பை மட்டும் அணைத்துப் போட்டார். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது.

"வந்துடுச்சு. ஐயோ, பின்னாடி பாரு!"

கேமராவில் அண்ணிக்குப் பின்னால் சாயம்போன உறைகள் கொடியில் தொங்கின. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்து, இரண்டு கைகளாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பத்து ஐம்பத்தெட்டு.

நாற்பது நிமிடம் அப்படியே நின்றேன். தோள் எரிந்தது, பிறகு மரத்துப்போனது. விரிப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி பேசுவது மட்டும் கேட்டது. பொறுமையில்லாத நோயாளி, காது கேட்காத பெரியவர், டாக்டரைத் திட்டும் ஆள் என்று நிறுவனத்துக்காரர்களே நடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கடைசி ஆள் கத்திய கத்தலில் விரிப்பு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அண்ணி அவனை முழுதாகக் கத்தவிட்டார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. இருங்க, கனெக்ட் பண்றேன்."

ஒன்றரை வருடமாக அந்த வாக்கியத்தை நான் கேட்கவில்லை.

முடிந்ததும் என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். நான் பிளேடை எடுத்து வயரின் சட்டையைப் பிரித்தேன். நீலத்தின் நடுவில், கொசு அளவுக்கு ஒரு மினுக்கல். பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். "டிரைவரைப் பாத்தீங்களா?"

"உங்க டிரைவர் நல்லாத்தான் இருக்காரு" என்றார் அண்ணி. "உங்க தங்கச்சிதான் வயருக்கு ஊசி போட்டுட்டா." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

திங்கட்கிழமை வேலை உறுதியாயிற்று. கூடத்துக்கு நீளமான வயர் வாங்கலாம் என்றேன்.

"வேண்டாம். நீ அதுக்கும் சட்டை தைப்ப."

இப்போது அண்ணி என் அறையில்தான் இரண்டு முழ வயரோடு உட்கார்ந்து வேலை செய்கிறார். அழைப்பு வந்தால் ஒரு விரலைத் தூக்குவார். நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.