ஜெபம் செய்த இரும்பு மனிதர்கள்

மைசூரில் எங்கள் பங்குக் கோயில் ஹாலில் அப்போதெல்லாம் இங்கிலீஷ் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்ட மாட்டார்கள். பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதுதான்.

அன்றைக்கு வந்தது ஒரு கார்ட்டூன் படம். ஏதோ ஒரு கிரகம். கண்ணாடிக் கூண்டுக்குள் கொழுத்த ஆட்கள் தின்றுகொண்டே இருக்கிறார்கள். வெளியே இரும்பு மனிதர்கள் ராப்பகலாகச் சுரங்கம் வெட்டுகிறார்கள். குழந்தைகள் கைதட்டினார்கள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. கதை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

என் பயத்துக்குக் காரணமான மஃப்டி போலீஸ்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அரசாங்க ஆபீஸில் தற்காலிக வேலை. அது நிரந்தரமாக வேண்டுமென்றால் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். மனுஷன் படிக்கிற காலத்தில் தொழிலாளர் யூனியன் மேடையில் பேசித் தொலைத்திருந்தார். சுதந்திரம் வந்த புதிதில் அது ஒன்று போதும், கம்யூனிஸ்ட் என்று சிவப்பு முத்திரை குத்திவிடுவார்கள். அதை விசாரிக்க வந்த இவர் எங்கள் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது படம் பார்க்கவும் வந்துவிட்டார்.

நினைத்தபடியே இரும்பு மனிதர்கள் சம்மட்டியைக் கீழே போட்டார்கள். கூண்டு வாசலில் உட்கார்ந்து ஒன்றாகக் கையை உயர்த்தி, இனி வேலை செய்ய மாட்டோம் என்று இங்கிலீஷில் தெளிவாகவே சொன்னார்கள். ஹால் என் வாயைப் பார்த்தது. என் கண் இரண்டாவது வரிசைக்குப் போய்வந்தது.

"எல்லாரும்... ஜெபம் பண்றாங்க," என்றேன்.

ஜெபம் என்று கேட்டால் எங்கள் ஜனம் உட்கார்ந்திருக்குமா? பெஞ்சுகள் கிறீச்சிட மொத்த ஹாலும் எழுந்து நின்றது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா கூண்டுக்காரர்கள் ஒளித் துப்பாக்கியை எடுத்துச் சுட வேண்டும்?

"அய்யோ, ஜெபம் பண்றவங்களைச் சுடறானே பாவி!" என்று ஒரு அம்மாள் அலறினார்.

"ஒடைங்கடா அந்தக் கண்ணாடியை!" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். பேசாமல் வேலைநிறுத்தம் என்றே சொல்லியிருக்கலாம்.

படம் முடிந்ததும் போலீஸ்காரர் நேரே என்னிடம் வந்தார். கொள்ளேகால் பக்கத்து ஆள் என்பது கொங்குப் பேச்சிலேயே தெரிந்தது.

"எனக்கும் இங்கிலீஷ் வருமுங்க, டீச்சரம்மா."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வெளுத்துப்போய் நின்றார். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஏனுங்க மாத்திச் சொன்னீங்க?"

"பயம் சார். நீங்க இருந்தீங்களே!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஜெபம்னதும் நானும்தான் எந்திரிச்சு நின்னனுங்க. ஸ்ட்ரைக்குக்கு எந்திரிச்சு நின்னேன்னு மேல தெரிஞ்சா என்ற வேலை என்னாகுமுங்க? எனக்கும் இன்னும் பர்மனென்ட் ஆகலீங்க. ரிப்போர்ட்டுல ஜெபம்னே எழுதிப் போடறனுங்க."