நான் 'செல்லாது' என்று சொன்ன எட்டு நோட்டு

இது நடந்து ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, விண்ணப்பம் நிரப்புவது, ஆன்லைனில் பதிவு போடுவது எல்லாம் உண்டு. பதினைந்து வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். பட்டா பெயர் மாற்ற என்ன வேணும், ரேஷன் கார்டில் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது, எந்த ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்று. நானும் சொல்வேன். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன் என்பது மட்டும் எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த சமயம். காலேஜுக்குப் போடுகிற பிள்ளைகளும் பெற்றவர்களும் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மெஷின் சூடாகி அடிக்கடி பேப்பர் சிக்கியது. அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயசு இருக்கும், மகளோட சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். பெரம்பலூரில் நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றார். கையில் பழைய ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து நீட்டிக்கொண்டே வந்தவர், அடியில் இருந்த ஒரு கவரைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எட்டு ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு.

"எங்கெங்கயோ தேடுனேன். இதுக்குள்ளயா கெடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சார், இது இப்ப ஓடுமா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின வருஷம்தான் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்திருந்தார்கள். பேங்கில் கொடுத்து மாற்றுவதற்கு வைத்த கெடுவும் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மெஷினிலிருந்து தலையை எடுக்காமலே, "ஓடாதுக்கா. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே வெறும் காகிதந்தான்" என்றேன்.

அந்த அம்மா கவரை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜெராக்ஸுக்கு இருபது ரூபாய் கொடுத்தார், மீதி வாங்கினார், போய்விட்டார். பின்னால் நின்றவர் ஆதாரை நீட்டினார். நானும் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ரிட்டயரான ஒருத்தர் கடைக்கு வந்து, ரிசர்வ் வங்கி இணையதளத்திலிருந்து ஒரு படிவம் எடுத்துத் தரச் சொன்னார். என்ன படிவம் சார் என்றேன். "வீட்டுல மூணு ரெண்டாயிரம் நோட்டு மாட்டிக்கிச்சு. தபால்ல அனுப்பணும்" என்றார்.

"அதுதான் செல்லாதே சார்."

அவர் சிரித்தார். "யார் சொன்னா? செல்லாதுன்னு யாரும் சொல்லல. புழக்கத்துலேர்ந்து எடுக்குறாங்க, அவ்வளவுதான். பேங்க்லதான் இப்ப வாங்க மாட்டாங்க. ரிசர்வ் வங்கி ஆபீஸுக்கு நேர்ல போகலாம், இல்லன்னா எந்தத் தபால் ஆபீஸ்லேர்ந்தும் அனுப்பலாம். நம்ம கணக்குல போட்டுடுவாங்க."

படிவத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. பிரிண்ட் பட்டனை அழுத்தினேன். காகிதம் வெளியே வரும்போது அந்தப் பிளாஸ்டிக் பையும், கவரைப் பிரித்ததும் அப்படியே நின்ற முகமும்தான் கண் முன்னால் வந்தது. பதினாறாயிரம் ரூபாய். நர்சிங் படிக்கப்போகிற பிள்ளை.

அந்த அம்மா பெயரோ நம்பரோ என்னிடம் இல்லை. ஆலத்தியூரில், சிமெண்ட் ஆலைக்கு வரும் லாரிகள் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை போட்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. வீட்டில் சொன்னதற்கு, "கூட்டத்துல வாய்தவறிச் சொன்னதுக்கு இப்படித் தேடிப்போவாங்களா" என்றாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவத்தை இன்னொரு பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

சாலை ஓரத்து வேப்பமரமெல்லாம் சுண்ணாம்புத் தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. வரிசையாக லாரிகள். இட்லிக் கடைகளே நாலைந்து இருந்தன. மூன்றாவது கடையில் அவரைப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே இட்லிக் குண்டானைத் திறந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கிட்டே போனதும்தான் காதைக் கவனித்தேன். கடைக்கு வந்தபோது தோடு போட்டிருந்தார். இப்போது ரெண்டு காதிலும் வேப்பங்குச்சி.

"அரியலூர் ஜெராக்ஸ் கடைங்க. அன்னைக்கி ரெண்டாயிரம் நோட்டு பத்திக் கேட்டீங்கள்ல."

"ஆமா, வாங்க சார். இட்லி வைக்கவா?"

"அந்த நோட்டு செல்லும்க்கா. நான் சொன்னது தப்பு."

கையில் இருந்த கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தார். பிறகு, "அஞ்சுதான் சார் இருக்கு" என்றார்.

மகளுக்கு முதல் தவணை கட்ட வேண்டியிருந்தது. கையிலிருந்தது பத்தவில்லை. தோட்டை அடகு வைத்தும் மூவாயிரம் குறைந்தது. அந்தச் சமயம் சாப்பிட வந்த ஒரு ஆள், பழைய நோட்டு இருந்தால் ஒன்றுக்கு ஆயிரம் தருகிறேன் என்றிருக்கிறான். வெறும் காகிதத்துக்கு ஆயிரம் கிடைக்கிறதே என்று மூன்றைக் கொடுத்துவிட்டார். மிச்சத்தையும் கேட்டானாம். அவசரம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவரே பேசினார். அந்த நோட்டெல்லாம் வடக்கேயிருந்து வந்த லாரிக்காரர்கள் கொடுத்தது. "சில்லறை நோட்டுன்னா பால், காய்கறின்னு கரைஞ்சிடும் சார். முழு நோட்டுன்னா ஒடைக்க மனசு வராது. அதான் பாப்பா படிப்புக்குன்னு அவ சர்டிபிகேட்டோடயே வச்சேன். வச்ச எடம் மறந்துபோச்சு. எல்லாரும் மாத்துனப்ப வூடு முழுக்கத் தேடுனேன், கெடைக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அது சரி, எதுக்கு சார் அத நிறுத்துனாங்க?" என்று கேட்டார்.

இந்த முறை படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ரெண்டாயிரத்துப் பதினாறில் பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது ஊரில் பணமே இல்லாமல் போனதையும், அந்தக் குறையைச் சீக்கிரம் தீர்க்கத்தான் ரெண்டாயிரம் அடித்தார்கள் என்பதையும் சொன்னேன். மற்ற நோட்டுகள் போதுமான அளவு வந்த பிறகு அதை அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடித்த நோட்டுக்கும் வயசாகிக்கொண்டு வந்தது. ஜனங்கள் கடைகண்ணியில் அதை அவ்வளவாகப் புழங்கவும் இல்லை. அதனால் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்றேன்.

"அது நெசந்தான். ரெண்டாயிரத்த நீட்டி நாலு இட்லி கேட்டா மீதிக்கு நான் எங்க போவேன்? ஒவ்வொரு லாரியா ஏறி எறங்குவேன்" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு அரியலூருக்கு வந்தார். கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு, படிவத்தை நிரப்பி, தபால் ஆபீஸுக்குக் கூடவே போனேன். இன்சூர் செய்து அனுப்பினோம். ரசீதை வாங்கி நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். வெளியே வந்ததும் மூவாயிரம் ரூபாயை அவரிடம் நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"அந்த மூணு நோட்டுல போனது. நான் சொன்ன வார்த்தையாலதானே போச்சு."

வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பணத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். ஆனா நீங்க சொன்னதாலதான் குடுத்தேன். நீங்க சொல்லலன்னா இன்னும் நாலு பேர்கிட்ட கேட்டிருப்பேன். ஜெராக்ஸ் கடை சார் சொல்லிட்டார்னு விட்டுட்டேன்" என்றார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை. "போயிட்டு வரேன் சார், மாவு ஆட்டணும்" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது. வேண்டாம் சார், பரவாயில்லை என்று அவர் போயிருந்தால் நான் நல்லவன் என்ற பெயரோடு கடைக்குத் திரும்பியிருப்பேன். தப்பு என்னிடமே தங்கியிருக்கும். வாங்கிக்கொண்டதால்தான் அது தீர்ந்தது. அதை அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து, கணக்கில் பத்தாயிரம் ஏறிவிட்டதாக மகளை விட்டு போன் பண்ணச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் இப்போது ரெண்டாம் வருஷம் முடிக்கிறது.

கடையில் கூட்டம் குறையவில்லை. ஜனங்கள் இன்னமும் எல்லாவற்றையும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது, "எனக்குத் தெரியலங்க, கேட்டுச் சொல்றேன், நாளைக்கி வாங்க" என்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகிறவரைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் தலையை நிமிர்த்தியிருந்தால் போதுமே, ஒரு தாய் தன் காதில் குச்சியைச் சொருகிக்கொண்டிருக்க மாட்டாரே என்று மனசுக்குள் ஓடத்தான் செய்கிறது.