நிரந்தர வேலை கேட்டேன், அம்மன் ஒப்பந்த வேலை கொடுத்தாள்

அம்மனை நம்பும் அன்பர்களே, என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். வயர்மேன் படித்த என் மகன் செல்வத்துக்குக் கடலூரில் அரசு வேலைக்கு நேர்காணல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருஷம். மூன்று முறை புதுப்பித்தும் வந்தது இந்த ஒரே அழைப்புதான். அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும்.

கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் ஏறினோம். தியாகதுருகம் தாண்டியதும் பஸ் நின்றது. சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை எண்ணினேன். பதினோரு மரம். நடுரோட்டில் நின்று, வழி விடம்மா என்று கும்பிட்டேன். வழி கிடைக்கவில்லை. நேர்காணல் கைவிட்டுப் போயிற்று.

பின்னால் மின்கம்பம் எடுத்துவரக் கிளம்பிய ஒரு லாரியும் நின்றது. ஒப்பந்தக்காரர் ரஹீம் பாய் இறங்கி வந்தார். எனக்குப் பழக்கமானவர். செல்வத்தை இதற்குமுன் மூன்று முறை வேலைக்குக் கூப்பிட்டவர்.

“இன்னா தம்பி, தொழில கத்துக்கினு வூட்ல குந்திக்கினு இருக்கியே? கல்வராயன் மலையில கம்பி இழுக்கப் போறோம், வந்துடு. உங்கப்பா பதிவு அட்டைய எண்ணிக்கினு இருக்கட்டும்.”

வரவில்லை என்று செல்வம் தலையசைத்தான். காரணம் நான். ஒப்பந்த வேலைக்குப் போனால் பதிவு மூப்பு போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிரந்தர வேலை தவிர வேறெதற்கும் போகமாட்டேன் என்று அம்மன் சந்நிதியில் அவனைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்திருந்தேன்.

வீடு திரும்பியபின் எட்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலை, பயிருக்கு அடிக்கும் மருந்து டப்பாவை அவன் பாயருகே பார்த்தேன். மூடி திறக்கவில்லை. டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு, அவனைத் தனியே விடாதே என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

சத்தியத்தை மீறினால் அம்மன் கோபிப்பாள். மீறாவிட்டால் பிள்ளை போய்விடுவான். பிள்ளையைக் கொடு தாயே, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று அழுதேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று பூக்கட்டிப் பார்க்க முடிவு செய்தேன். வெள்ளை வந்தால் சத்தியம் நீங்கியது, ஒப்பந்த வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது.

என் மனைவி அஞ்சலை இரண்டு பொட்டலம் கட்டிவந்தாள். பூசாரி குலுக்கிப் போட்டார். ஒன்றை எடுத்தேன். வெள்ளை. மனம் ஆறவில்லை. அவளையே மறுபடி கட்டித் தரச் சொன்னேன். மூன்று முறையும் வெள்ளை. ஆனாலும் என் சுபாவம் விடவில்லை. மீதிப் பொட்டலத்தையும் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

முப்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள், சந்நிதியில் இப்படிச் செய்வாளா?

“நான்தாங்க ரெண்டுலயும் வெள்ளைய வெச்சேன்” என்றாள் அஞ்சலை. “எனக்குப் புள்ள வோணும். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

பூசாரி கற்பூரம் ஏற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைக் கொடு என்றுதானே கேட்டேன்? அம்மன் அஞ்சலையின் கையாலேயே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் செல்வம் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கு, ரஹீம் பாயிடம் வேலைக்குப் போனான். பதிவு மூப்பு, வயது, சிபாரிசு எதையும் யாரும் கேட்கவில்லை. கம்பம் ஏறுவியா என்ற ஒரே கேள்விதான். ஆறு மாதத்தில் கம்பி இழுக்க, மோட்டார் கட்ட, வீட்டு வயரிங் செய்ய, பழுது பார்க்க என்று நான்கு வேலை பழகிவிட்டான். ஒன்பது வருஷக் காத்திருப்பில் ஒன்றும் பழகவில்லை. ஒரு வேலை முடியுமுன் சங்கராபுரத்திலிருந்து அடுத்தவர் கூப்பிடுகிறார். கரும்பு வெட்டும் மாதம் வரமுடியாது என்று இவனே சொல்கிறான். நிரந்தர வேலையில் அப்படிச் சொல்ல முடியுமா? ஓய்வூதியம் கிடையாது, அந்தக் கவலை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் பிள்ளை மூன்று வேளை சாப்பிடுகிறான், சிரிக்கிறான்.

வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, இன்ன வேலைதான் வேண்டும் என்று அம்மனிடம் அடம்பிடிக்காதீர்கள். பிள்ளையைக் கொடு என்று கேளுங்கள். எந்த வழியில் தருவது என்பது அவளுக்குத் தெரியும்.